ஒரு வேளைச் சோறும் ஓர் ஐபோன் ஆலையும்

2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சமைத்த சாப்பாடு கெட்டிருந்தது. சாப்பிட்ட பெண்களில் 250 பேருக்கு மேல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லோரும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பாகங்களைப் பொருத்துகிற பெண்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று சொல்ல ஆளில்லை. யாரோ செத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் விடிந்த பிறகும் வண்டிகள் நகரவில்லை.

சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. விடுதிச் சமையலறையைப் பார்க்கப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அங்கே எலிகளையும் தேங்கிய சாக்கடையையும் கண்டார்கள். அறைக்கு ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை, பலருக்குத் தரைதான் படுக்கை, கழிவறைக் குழாயில் தண்ணீர் வராது என்றெல்லாம் செய்தி வெளியானது. மாதம் ஏறக்குறைய 10,500 ரூபாய் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். ஆலையைக் கண்காணிப்பு வளையத்துக்குள் வைத்திருப்பதாக அந்த மாதக் கடைசியில் ஆப்பிள் அறிவித்தது. 2022 ஜனவரி 12இல்தான் கதவு மீண்டும் திறந்தது. உலகின் பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் உற்பத்தியை ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்தி வைத்தது, ஒரு வேளைச் சோறு.

மக்களின் உடல்நலத்துக்கும் நாட்டின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று பொருளாதார அறிஞர்கள் ஐம்பது வருடமாக வாதிடுகிறார்கள். அதற்காக நூறு நாடுகளின் புள்ளிவிவரத்தை வரிசையில் நிறுத்துகிறார்கள். நாம் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரை ஒரு சுற்று போய்வந்தால் அந்த வாதத்தின் எல்லாப் பக்கங்களும் சாலையோரத்திலேயே தென்படும்.

முதலில் அறிஞர்கள் சொல்வதைப் பார்த்துவிடலாம். சாமுவேல் பிரெஸ்டன் 1975இல் ஒரு வரைபடம் போட்டார். வருமானம் கூடிய நாடுகளில் ஆயுளும் கூடுகிறது. ஆனால் அதே வருமானத்தில் முப்பது வருடத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது மனிதர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். ஆக, ஆயுளைக் கூட்டியது பணம் மட்டும் இல்லை. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், கொசு ஒழிப்பு என்று வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது. 1993இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஃபோகல் எதிர்த்திசையிலிருந்து வந்தார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பிரான்ஸின் பரம ஏழைகளுக்குக் கிடைத்த உணவு, ஒரு நாளில் சில மணி நேர லேசான வேலைக்குக்கூடப் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1790க்குப் பிறகான இரண்டு நூற்றாண்டுகளில் பிரிட்டன் கண்ட வளர்ச்சியில் ஏறக்குறைய 30 சதவீதம், மக்கள் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்ததால் வந்தது என்பது அவர் கணிப்பு. எந்திரத்தின் புகழைப் பாடிய சரித்திரத்தில் ரொட்டிக்கும் பங்கு கேட்டவர் அவர். 2004இல் டேவிட் புளூம், டேவிட் கேனிங், ஜெய்பி செவில்லா மூவரும், மக்களின் சராசரி ஆயுள் ஓராண்டு கூடினால் நாட்டின் உற்பத்தி 4 சதவீதம் கூடும் என்றார்கள்.

அந்த 4 சதவீதம் எங்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்தச் சாலையில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. இங்கே வரிசையில் நிற்கிற இருபது வயது உடம்புகள் எங்கிருந்து வந்தன? அவற்றை வளர்க்கச் செலவழித்தது யார்?

ஹுண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது 1996இல். 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் போயிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை, 2012இல் டைம்லரின் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்டால் துறைமுகம், சிப்காட் நிலம், மின்சாரம், வரிச்சலுகை, பாடியிலும் அம்பத்தூரிலும் ஏற்கெனவே இருந்த உதிரிபாகத் தொழில் என்று விடை வரும். எல்லாம் சரிதான். முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் கணக்கில் வராத ஒன்று மட்டும் விட்டுப்போகிறது: சத்துணவுக் கூடம்.

1956இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக் குழந்தைக்கும் அங்கே தட்டு விழுந்தது. கஜானா தாங்குமா என்று அன்று கேட்காத நிபுணர் குறைவு. 1989இல் அந்தத் தட்டில் முட்டை ஏறியது. அந்தச் சோறு பள்ளியோடு நின்றுவிடவில்லை. இந்தியா முழுவதும் மதிய உணவுத் திட்டத்தை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகள் கூடுதல் உயரமாக இருப்பதைக் கண்டது. ஒரு தலைமுறை தின்ற சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் சேர்ந்திருக்கிறது.

சோற்றோடு மருந்தும் வந்தது. பொதுச் சுகாதாரத்துக்கென 1939இலேயே தனிச் சட்டம் கண்ட மாகாணம் இது. மருத்துவமனைகளோடு கலக்காமல் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், அதற்கென்றே படித்த அதிகாரிகள், ஊருக்கு ஊர் தடுப்பூசிப் பையோடு நடந்து வரும் நர்சம்மா, 1994இல் மாத்திரை கொள்முதலுக்கென்று தனிக் கழகம். அடுத்த மாநிலக்காரர்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துப் போன ஏற்பாடுகள் இவை. 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, ‘குறைந்த செலவில் நல்ல உடல்நலம்’ கண்ட இடங்கள் என்று சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை நான்கையும் எடுத்துக்காட்டியது. கால் நூற்றாண்டு கழித்து, 2011இல், லண்டன் ஆய்வாளர்கள் அதே கேள்வியை மறுபடி எழுப்பி ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய்லாந்து, வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளுக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு மாநிலம் உட்கார்ந்திருந்தது. அது தமிழ்நாடு.

பிள்ளைகள் பிழைக்க ஆரம்பித்ததும் வீடுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 1993 வாக்கிலேயே இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளை என்ற நிலை வந்துவிட்டது. அந்த வருடம் பிறந்த பெண் குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஓர் அண்ணனோ தம்பியோ இருக்கிற வீடு. தட்டம்மை ஊசி போட்டது, சொட்டு மருந்து விட்டது, பால்வாடியில் சோறு, பள்ளியில் சோறும் முட்டையும், கையில் பிளஸ் டூ சான்றிதழ். 2011இல் அவளுக்குப் பதினெட்டு வயது. அந்த நேரத்தில் கம்பெனி பஸ் அவள் ஊர் வாசலுக்கு வந்து நின்றது. கிழக்காசியாவின் ‘அதிசய’ வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படி அமைந்த வயதுக் கட்டமைப்பால் வந்திருக்கலாம் என்று 1998இல் புளூமும் வில்லியம்சனும் எழுதினார்கள். நாட்டின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் என்று 2019–20 தொழில் கணக்கெடுப்பு சொன்னபோது பலர் வியந்தார்கள். பால்வாடி ஆயாவிடம் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கையைத் தூக்க வேண்டும். கேரளமும் இலங்கையும் நமக்கு முன்பே நலம் கண்டவை ஆயிற்றே, அங்கே ஏன் ஒரகடம் முளைக்கவில்லை?

நியாயமான கேள்வி. அசமோக்லுவும் சைமன் ஜான்சனும் 2007இல் இதையே உலக அளவில் கேட்டார்கள். 1940களுக்குப் பிறகு பென்சிலினும் டிடிடியும் வந்து ஏழை நாடுகளின் ஆயுள் சட்டென்று கூடியது. தலைக்கு வருமானமோ கூடவில்லை, ஆள் எண்ணிக்கைதான் கூடியது என்றார்கள். இலங்கையில் மலேரியாக் கொசுவை டிடிடி அடித்து விரட்டிய 1946–47இல், ஒரே வருடத்தில் ஆயிரத்துக்கு 20 சாவு என்பது 14ஆகக் குறைந்தது. அந்த வேகத்தில் வேலைகள் பெருகவில்லை. பின்னால் வந்த போர் எஞ்சியிருந்ததையும் தின்றது. கேரளத்தின் நலமான உடம்புகளோ வளைகுடாவுக்கு விமானம் ஏறின. உடம்பு நன்றாக இருந்தால் அதற்கு வேலை தானாகத் தேடி வராது. நிலம், துறைமுகம், கொள்கை எல்லாம் சேர வேண்டும். ஆனால் தலைகீழாகப் பாருங்கள்: நிலமும் துறைமுகமும் இருந்து, ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் நிற்கத் தெம்பில்லாத ஆட்கள் இருந்தால் என்ன ஆகும்? மண் நல்லதாக இருந்து விதை சொத்தையானால் ஆகிற கதைதான்.

இந்தத் தெம்பு எவ்வளவு காசு பெறும் என்பதை நம் மக்களை வைத்தே அளந்திருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களின் கூடை கனத்தது. அதே வருடம் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தோனேசியாவில் ரப்பர் பால் எடுக்கும் ரத்தசோகைக்காரர்களிடமும் அதையே கண்டது. மலையகத்துப் பெண்களின் கூடையைத் துரைமார் நூறு வருடம் நிறுத்துப் பார்த்தார்கள். அவர்களின் ரத்தத்தை ஒருமுறை நிறுத்துப் பார்க்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இங்கே? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவம் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கிற மாநிலத்தில், பாதிக்கு மேற்பட்ட பெண்களின் ரத்தத்தில் போதிய ஹீமோகுளோபின் இல்லை. இந்தியச் சராசரி 57 என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

இப்போது அப்படி ஒரு பெண்ணை லைனில் நிறுத்திப் பாருங்கள். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு என்றால், செய்யாறு பக்கத்திலிருந்தோ அரக்கோணம் பக்கத்திலிருந்தோ வருகிறவள் நாலு மணிக்கெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். சமையல் ஆகாத நேரம், டீயோடு கிளம்பிவிடுகிறாள். லைனில் டார்கெட் ஓடிக்கொண்டிருக்கும். ரிலீவர் வந்தால்தான் பாத்ரூம் போக முடியும் என்கிற இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே வசதி. தண்ணீர் குடிக்காத பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வரும்; மாதவிலக்கு நாளில் ரத்தசோகையோடு நின்றால் தலை சுற்றும். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும். தூக்கமும் பசியும் அதோடு மாற மறுக்கும். இதில் எதுவும் ‘விபத்து’ என்ற பதிவேட்டில் ஏறாது. ‘ஆப்சென்ட்’ என்ற கட்டத்தில் ஏறும், அவ்வளவுதான்.

வெயிலைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து ஈ.சோமநாதனும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட கட்டுரை, ஆண்டு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆலையின் உற்பத்தி ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது என்றது. பெங்களூரு தையல் ஆலைகளில் நடந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கரண்ட் செலவை மிச்சம் பிடிக்கப் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினார்கள். எல்இடி அவ்வளவு சூடு கக்குவதில்லை. கூடத்தில் சூடு குறைந்து, வெக்கையான நாட்களில் தைக்கிற கைகளின் வேகம் கூடிவிட்டது. மின்சாரத்தில் மிச்சமான காசைவிட இந்த ஆதாயம் பெரிது. தொழிலாளியின் உடம்பைப் பற்றி யோசிக்காமலே ஒரு முதலாளி லாபம் பார்த்த கதை. யோசித்திருந்தால் இன்னும் எவ்வளவோ!

உடம்பு படுத்துவிட்டால் என்ன வழி? இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் கம்பெனி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். நோய் விடுப்பில் சம்பளத்தின் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்வரை கிடைக்கும். 1948ஆம் வருடச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு. சுதந்திர இந்தியா தொழிலாளிக்குக் கொடுத்த அருமையான கொடைகளில் ஒன்று. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அதற்குள் வர முடியாது. இந்த வரம்பு 2017 ஜனவரியில் போட்டது. விலைவாசி ஏற, சம்பள உயர்வு வர, வரம்பு மட்டும் அங்கேயே நின்றால், இன்க்ரிமென்ட் வாங்கிய மகிழ்ச்சியிலேயே ஒருவர் ஆஸ்பத்திரி உரிமையை இழக்கிறார். வரம்புக்குள் இருக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளிக்கோ வேறு சிக்கல். 70 சதவீதம் கிடைக்கும், உண்மைதான். திரும்பி வரும்போது அந்த இடம் இருக்குமா? லீவு போட்டால் போகிற அட்டெண்டன்ஸ் போனஸை நினைத்துக் காய்ச்சலை டோலோ மாத்திரையில் அடக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

கரோனாவின் இரண்டாம் அலையில் ஒருமுறை இந்த மௌனம் உடைந்தது. 2021 மே மாதம், ஊரெல்லாம் முழு ஊரடங்கு. கார் ஆலைகளுக்கு விலக்கு. மே 24 அன்று ஹுண்டாய் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். கம்பெனி ஐந்து நாள் மூடியது. ரெனோ–நிசான் தொழிற்சங்கம் லைனில் இடைவெளி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தது. மே 26 வேலைநிறுத்தம் என்று அறிவித்ததும் அந்த ஆலையும் சில நாள் நின்றது. உடல்நலம் வளர்ச்சியைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு அந்த வாரத்தில் யாரும் வரைபடம் தேடவில்லை.

சாப்பாட்டு விவகாரத்துக்குப் பிறகு ஓர் உருப்படியான காரியம் நடந்தது. வல்லம் வடகாலில் சிப்காட் 20 ஏக்கரில் 706.50 கோடி ரூபாய்க்குப் பதின்மூன்று அடுக்குமாடித் தொகுதிகள் கட்டியது. 18,720 பெண்கள் தங்கலாம். 2024 ஆகஸ்ட் 17இல் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். தரையில் பாய் போட்டுப் படுத்தவளுக்குக் கட்டிலும் காற்றும் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் எனக்கு 1914இன் ஹென்றி ஃபோர்டு நினைவுக்கு வருகிறார். அதற்கு முந்தின வருடம் அவர் ஆலையில் ஆட்கள் வருவதும் போவதுமாக, வேலை விட்டோர் கணக்கு 370 சதவீதத்தைத் தொட்டது. அவர் தினக்கூலியை ஐந்து டாலராக்கினார். கூடவே தொழிலாளி வீட்டில் சுத்தமாக இருக்கிறானா, குடிக்கிறானா என்று பார்த்துவர ஆட்களையும் அனுப்பினார். அக்கறை எங்கே முடிகிறது, காவல் எங்கே தொடங்குகிறது என்பது அன்றும் குழப்பம்தான். ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஒரே வளாகத்தில், பஸ்ஸில் ஏறி ஆலை, பஸ்ஸில் இறங்கி அறை என்று இருக்கும்போது, நலம் என்பதற்குள் நடமாட்டமும் சிநேகிதமும் சேருமா சேராதா? கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் லைனுக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. அப்படி எங்கு நடந்தாலும் அதன் பொருள் ஒன்றுதான்: நலமான உடம்பு வேண்டும், அந்த உடம்பு கருத்தரித்தால், அது வேறு யாருடைய செலவோ.

அரசும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறது. வீடு தேடி மருந்து கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது. பிறகு பணியிடங்களுக்கும் நீண்டது. 2020 வாக்கில் எடுத்த மாநில ஆய்வில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு, 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். அதனால் அந்தத் திட்டம் மிகத் தேவை. அதே அரசு 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. எதிர்ப்பு வரவே மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே தினத்தில் திரும்பப் பெற்றது.

ஒரகடத்தில் மாலையில் டீக்கடைகளில் காது கொடுத்தால் இப்போது பாதிக்கு இந்தி கேட்கிறது. நடுநடுவே ஒடியாவும் அசாமியும். நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்த விளைவு இது. 2019–21 ஆய்வுப்படி பிகாரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 42.9 சதவீதம் பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25. அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு ரயிலேறி இங்கே வரப்போகிறவர்கள். சத்துணவின் வட்டியில் முப்பது வருடம் ஓடிய இந்தச் சாலைக்கு, இனி பிகார் தர்பங்காவின் அங்கன்வாடியில் என்ன சமைக்கிறார்கள் என்பதும் சொந்தக் கவலை.

1998இல் ஹுண்டாயில் நிரந்தரமாகச் சேர்ந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். வீடு, பிள்ளைக்கு இன்ஜினீயரிங், கம்பெனி இன்சூரன்ஸ் என்று நிலைபெற்றவர்கள். எலெக்ட்ரானிக்ஸ் லைனின் கதை வேறு. அங்கே பத்தொன்பதில் வருகிற பெண் இருபத்தைந்து, இருபத்தாறில் ஊர் திரும்புகிறாள். கழுத்து வலியோ, கண் எரிச்சலோ, வராத தூக்கமோ, அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள். அதைப் பார்க்கிற செலவு அவள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கில் ஏறும். தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2024–25இல் 14.65 பில்லியன் டாலர். அந்தக் கணக்கில் இது கழிபடாது.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒரு நல்ல அம்சத்தை மத்திய அரசு விளம்பரப்படுத்தியது: நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடம் ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை. சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் விட்டு வருகிற பஸ்களின் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குகிற முகங்களில் நாற்பது வயதைத் தேடிப் பாருங்கள்.